குருதிநாளக் கிளைப்பு: ஒரு பரிந்துரை

அவையோர்க்கு வணக்கம்.

நம் கலைச்சொல் குழுவில் நிணநீர்ப் புற்றுக்கான (லிம்ஃபோமா) மருந்துகளைப் பற்றிய இழையில், இருக்கும் குருதிநாளத்திலிருந்து புதிய நாளம் கிளம்புவதைக் குறிக்கும் 'ஆஞ்சியோஜெனிசிஸ்' என்பதற்குக் 'குருதிக்குழல் உருவாக்கம்' என்று ஐயா ஒருவர் முன்மொழிந்திருந்தார்கள். கருவில் முதன்முதலாக நாளங்கள் தோன்றுவதும் உருவாக்கமே ஆதலால், ஏற்கெனவே குருதி ஓடும் நாளத்திலிருந்து புதியது கிளம்புவதை அச்சொல் தனித்துக் காட்டவில்லை. கட்டி சில மில்லிமீட்டருக்கு மேல் பெருக்கப் புதிய நாளங்கள் வேண்டும், அவற்றைத் தடுத்தால் கட்டியையும் ஒடுக்கலாம் என்று 1971இல் அமெரிக்க மருத்துவர் ஜூடா ஃபோக்மன் முன்வைத்த கருத்து பின்னதைப் பற்றியதே.

ஆகவே 'குருதிநாளக் கிளைப்பு' என்கிறேன். நாளச் சுவரிலிருந்து முளைவிடுவதும், ஒரு நாளமே நடுவில் பிரிந்து இரண்டாவதும் இதில் அடங்கும். 'முளைப்பு' என்றால் இரண்டாவது வகை வெளியே நின்றுவிடும். நோயாளியின் வீட்டாரிடமும் இச்சொல் செல்லுபடியாகிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் தம் கணவரின் சிகிச்சைத் தாளை நீட்டி விளக்கம் கேட்ட காசிமேட்டு அம்மாள் ஒருவர், 'உருவாக்கம்' என்றபோது விழித்தார்; கிளை என்றதும், "மெயின் பைப்புலருந்து திருட்டு கனெக்‌ஷன் இழுக்குற மாதிரியா?" என்று கேட்டுவிட்டார்.

சுருக்கம் கருதிக் 'குருதி'யை நீக்கலாம் என்பதை நான் ஏற்கவில்லை. 'நாளமில்லாச் சுரப்பி'யில் நாளம் என்பது சுரப்பு வெளியேறும் குழாய் என வேறு பொருள் தருகிறது. தவிர, நோயின் பெயரிலேயே நிணநீர் இருப்பதால், கிளைப்பது நிணநாளம் (நிணநீர் செல்லும் குழல்) என்று படிப்பவர் மயங்க இடமுண்டு. நிணநாளக் கிளைப்பு என்பது தனி நிகழ்வு. அதற்கு அப்பெயரையே வைத்துக்கொள்ளலாம்.

மருந்துக்குக் 'குருதிநாளக் கிளைப்புத் தடுப்பி' போதும், 'கொல்லி' வேண்டா. நாள வளர்ச்சியைத் தூண்டும் விஈஜிஎஃப் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் பெவாசிசுமாப் என்னும் மருந்து இதற்கு நேரான எடுத்துக்காட்டு, ஆயினும் அதை நிணநீர்ப் புற்றின் மருந்தாகக் காட்டிவிடக் கூடாது: நிணநீர்ப் புற்றின் பரவிய பெரிய பி-செல் வகையில் வழக்கமான கூட்டுச் சிகிச்சையோடு அதைச் சேர்த்துப் பார்த்த ஆய்வில் பலன் கூடவில்லை, இதயப் பாதிப்பு கூடியது, ஆய்வும் இடையில் நிறுத்தப்பட்டது.

லெனலிடோமைடு என்னும் மருந்தையும் தடுப்பி என்று அழைக்க எனக்குத் தயக்கம் உண்டு. நிணநீர்ப் புற்றின் மேன்டில் செல் வகைக்கு 2013இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அம்மருந்து நாளக் கிளைப்பையும் தடுக்கிறது என்றாலும், செரிப்ளான் என்னும் புரதத்தைப் பற்றி, புற்றணுக்கள் சார்ந்திருக்கும் வேறு புரதங்களைச் சிதைய வைப்பதே அதன் முதன்மையான செயல். அதனை நம் பட்டியலில் 'நோயெதிர்ப்புச் சீராக்கி' என்ற தலைப்பின்கீழ் வைத்து, கிளைப்புத் தடுப்பைத் துணைச்செயலாக மட்டும் குறிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ராயபுரத்திலிருந்து