தூய செம்பிலும் துத்தநாகம் காட்டும் 213.856 கோடு: விளக்கம் தேவை

கேள்வி (ஆய்வு மாணவி, காரைக்குடி):
வணக்கம். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வரும் பழைய செப்புக் குடங்களிலும் தவலைகளிலும் துத்தநாகம் எவ்வளவு கலந்துள்ளது என்று ஐசிபி உமிழ்வு நிறமாலைமானியில் (மிகச் சூடான பிளாஸ்மாவில் ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய அலைநீளக் கோடுகளில் உமிழும் ஒளியை அளக்கும் கருவி) அளந்து வருகிறேன். உட்புறத்து ஈயப்பூச்சைச் சுரண்டி நீக்கிவிட்டு, 0.1 கிராம் சீவலை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து 100 மில்லிலிட்டருக்குக் கொண்டுவருகிறேன். 213.856 நானோமீட்டர் கோட்டில் துத்தநாகம் தெரிகிறது. ஆனால் தூய செம்புக் கம்பியைக் கரைத்தாலும் ஏறக்குறைய அதே அளவுதான் வருகிறது. அமில பிளாங்க்கில் (உலோகம் சேர்க்காத வெறும் அமிலக் கரைசலில்) ஒன்றும் இல்லை. தெரிந்த அளவு துத்தநாகத்தைச் சேர்த்தால் அது முழுவதும் கணக்கில் வந்துவிடுகிறது. பிழை எங்கே இருக்கிறது?

பதில் 1:
ரப்பர் கையுறையிலிருந்து துத்தநாகம் ஒட்டியிருக்குமா என்று பாருங்கள்.

பதில் 2:
பிளாங்க்கையும் அதே கையுறையோடு தயாரித்திருந்தால் கையுறை காரணமாக இருக்க முடியாது. செம்புக்கு 213.853 நானோமீட்டரில் ஓர் உமிழ்வுக் கோடு உண்டு. துத்தநாகக் கோட்டுக்கும் அதற்கும் 0.003 நானோமீட்டர்தான் இடைவெளி என்பதால் வழக்கமான கருவி எதுவும் அவற்றைப் பிரித்துக் காட்டாது, பின்னணித் திருத்தமும் (கோட்டின் அருகிலுள்ள பின்னணி ஒளியைக் கழிப்பதும்) இங்கே உதவாது. சேர்த்த துத்தநாகம் முழுவதும் கிடைத்ததை நம்பி ஏமாந்துவிடக் கூடாது: செம்பின் ஒளி ஒரு நிலையான தொகையாக மேலே கூடுகிறதே தவிர, துத்தநாகத்தின் உணர்திறனைக் குறைப்பதில்லை, ஆகவே அந்தச் சோதனைக்கு இந்தப் பிழை பிடிபடாது. நீர்த்தாலும் இரண்டு ஒளியும் ஒரே விகிதத்தில் குறைவதால் சதவீதம் மாறாது. 206.200 நானோமீட்டர் கோட்டுக்கு மாறுங்கள், 202.548-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டாம், அங்கும் செம்பு இடையூறு செய்யும். அதே செம்புக் கம்பிக் கரைசலைப் புதிய கோட்டிலும் அளந்தால், கம்பியிலேயே துத்தநாகம் இருக்கிறதா என்பதும் தெளிவாகும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. 206.200-இல் கம்பி பிளாங்க் அளவுக்கே இறங்கிவிட்டது. குடங்கள் சிலவற்றில் மட்டும் துத்தநாகம் உண்மையாகவே நிற்கிறது. அடுத்துப் பாஸ்பரஸை 213.618-இல் அளக்கலாமா?

பதில் 2:
வேண்டாம் அம்மா. செம்பு 213.598-இலும் வலுவாக ஒளிர்வதால் அதன் ஓரம் பாஸ்பரஸ் மேல் படியும். 178.222 நானோமீட்டரைப் பயன்படுத்துங்கள். அந்த அலைநீளத்தைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் உறிஞ்சிவிடும் என்பதால், ஒளிப்பாதையில் ஆர்கானையோ நைட்ரஜனையோ போதிய நேரம் செலுத்திய பிறகே அளவீட்டைத் தொடங்குங்கள்.