குமுளியில் ஓர் ஈ1 கார்டும் விடுபட்ட இரண்டு வரிகளும்

2014-ல் குமுளியில் ஏலக்காய் வணிகம் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு வாய்ஸ் கேட்வே (வெளித் தொலைபேசி இணைப்பை அலுவலகத் தொலைபேசிகளோடு சேர்க்கும் பெட்டி) அமைக்கக் கம்பத்திலிருந்து மலையேறினேன். அதுவரை அவர்களிடம் எட்டு சாதாரணத் தொலைபேசி இணைப்புகள் இருந்தன. புற்றடியில் ஏலம் நடக்கும் நாட்களில் எட்டும் நிரம்பி வழியும். அதனால் பிஆர்ஐ எனும், பல அழைப்புகளை ஒன்றாகச் சுமக்கும் டிஜிட்டல் இணைப்பு ஒன்றை வாங்கியிருந்தார்கள். அது வரும் லைன் ஈ1 வகை. ஒரே ஈ1-இல் ஒரே நேரத்தில் 30 பேர் பேசலாம்.

கேட்வேயாக வைத்த சிஸ்கோ 2911 ரவுட்டரில் ஈ1 கார்டைச் செருகினால் மட்டும் போதாது. அந்தக் கார்டு டி1 (அமெரிக்காவில் வழங்கும் லைன் வகை), ஈ1 இரண்டுக்கும் பொது. எது என்று நாம் சொல்லும்வரை லைனைக் கையாளும் கன்ட்ரோலரே தலைகாட்டாது. ‘கார்டு டைப் ஈ1 0 0’ என்று தட்டிய பிறகுதான் ‘கன்ட்ரோலர் ஈ1 0/0/0’ வந்தது. அடுத்து, எதிர்முனைத் தொலைபேசி எக்ஸ்சேஞ்சின் வகையைச் சொல்லும் ஸ்விட்ச் டைப்: ‘பிரைமரி-நெட்5’. அதை முதலில் கொடுத்துவிட்டுத்தான் ‘பிஆர்ஐ-குரூப் டைம்ஸ்லாட்ஸ் 1-31’ கொடுக்க வேண்டும். லைன் டைம்ஸ்லாட் எனும் பங்குகளாகப் பிரிந்திருக்கும்; அழைப்புகளைத் தொடங்கி முடிக்கும் சமிக்ஞைக்கான 16-ஆம் டைம்ஸ்லாட் 0/0/0:15 என்ற பெயரில் வரும். எண்ணிக்கை சுழியத்தில் தொடங்குவதால் அப்படி. புதியவர்கள் இங்கே குழம்பி 16-ஐத் தேடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

‘ஷோ ஐஎஸ்டிஎன் ஸ்டேட்டஸ்’ பார்த்தேன்: ‘மல்டிபிள் ஃபிரேம் எஸ்டாப்ளிஷ்டு’, அதாவது எதிர்முனையோடு தொடர்பு கிடைத்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு அழைப்புகள் பேசிப் பார்த்தோம். குரல் தெளிவாக இருந்தது. நிம்மதியாக இறங்கி வந்தேன்.

மூன்றாம் நாள் மேலாளர் அழைத்தார். “தம்பி, பேச்சுக்கு நடுவே சொடுக்குகிற மாதிரி சத்தம் வருகிறது. ஃபேக்ஸ் ஒன்றுகூட முழுதாக வருவதில்லை. எடை எழுதிய பக்கமே பாதியில் நின்றுவிடுகிறது.” லைனில்தான் கோளாறு என்று அடித்துச் சொன்னேன். இணைப்பு கொடுத்தவர்களின் ஆள் வந்து சோதித்துவிட்டு, “லைன் ஓகே ஆணு, சேட்டா” என்றார். நான் ஏற்கவில்லை. இரண்டு நாள் வீணாயிற்று.

மறுபடி மலையேறி ‘ஷோ கன்ட்ரோலர்ஸ் ஈ1’ தட்டினேன். அலாரம் எதுவும் இல்லை. ஆனால் ‘ஸ்லிப் செக்ஸ்’ (கடிகாரம் பிசகிய வினாடிகள்) என்ற இடத்தில் எண் ஏறிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் உறைத்தது. ‘கிளாக் சோர்ஸ் லைன்’, அதாவது கடிகாரத்தை லைனிலிருந்து எடு, என்று கன்ட்ரோலருக்குச் சொல்லியிருந்தேன். பெட்டிக்குள் குரலைக் கையாளும் சில்லுகளான டிஎஸ்பிகளுக்குச் சொல்லவில்லை. கார்டு லைனின் கடிகாரத்தில் ஓட, அவை தம் கடிகாரத்தில் ஓடின. இரண்டும் மயிரிழை விலகினாலும் அவ்வப்போது ஒரு ஃபிரேம், அதாவது 125 மைக்ரோவினாடி அளவுத் தரவு, தொலைந்துபோகும் அல்லது இருமுறை வரும். காதுக்கு அது ஒரு சொடுக்கு மட்டுமே. ஃபேக்ஸுக்கோ பக்கமே போய்விடும்.

பெட்டி முழுவதையும் லைனின் கடிகாரத்தில் ஓடவைக்கும் இரண்டே வரிகள்தான் விடுபட்டவை: ‘நெட்வொர்க்-கிளாக்-பார்ட்டிசிபேட் விக் 0’, ‘நெட்வொர்க்-கிளாக்-செலக்ட் 1 ஈ1 0/0/0’. கொடுத்துச் சேமித்துவிட்டு, எண்ணிக்கையை அழித்துப் புதிதாகத் தொடங்கவிட்டேன். இந்தக் கணக்கு 15 நிமிடத்துக்கு ஒரு கட்டமாகப் பதிவாகும் என்பதால் இரண்டு கட்டம் முடியும்வரை திரையை விட்டு நகரவில்லை. இரண்டிலும் ஸ்லிப் சுழியம்.

மூன்று பக்க ஃபேக்ஸ் ஒன்றை அனுப்பச் சொன்னார் மேலாளர். கடைசிப் பக்கத்தின் அடியில் இருந்த கையெழுத்துவரை தெளிவாக வந்தது. அன்று மாலையே இணைப்பு கொடுத்தவர்களின் அந்த ஆளை அழைத்து, தவறு என்னுடையது என்று சொன்னேன்.