ஆறிய சேற்றுப்புண் மறுபடி வருவது ஏன்?

கேள்வி: சுண்டுவிரல் இடுக்கில் தோல் வெள்ளையாக ஊறி உரிகிறது, ஷூவைக் கழற்றினால் அரிப்பு தாங்கவில்லை. பூஞ்சைக்கான க்ளோட்ரிமசோல் களிம்பு ஒரு வாரம் போட்டேன், சரியானது, நிறுத்தியதும் திரும்ப வந்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: சீக்கிரம் நிறுத்திவிட்டீர்கள். அரிப்பு அடங்கினாலும் பூஞ்சை தோலில் இருக்கும், அதனால் க்ளோட்ரிமசோலைப் புண் ஆறிய பிறகும் 2 வாரம் போட வேண்டும். சுற்றியுள்ள நல்ல தோலிலும் தடவுங்கள். விரல் இடுக்குக்கு டெர்பினாஃபின் 1% (இதுவும் பூஞ்சைக்கான களிம்புதான்) என்றால் பெரும்பாலும் 1 வாரமே போதும்.

பதில்: ஸ்டீராய்டு கலந்த களிம்பு மட்டும் வேண்டாம், தயவுசெய்து. நான் போட்டேன், 2 நாளில் அரிப்பு போனது, அப்புறம் பாதம் முழுக்கப் பரவிவிட்டது. குளித்ததும் ஒவ்வொரு இடுக்கையும் தனித் துண்டால் ஒற்றி உலர்த்துங்கள்.

பதில்: நகம் மஞ்சளாகத் தடித்திருக்கிறதா? அங்கிருந்தும் தொற்று திரும்பும். சர்க்கரை நோய் இருந்தாலோ, பாதம் சிவந்து வீங்கினாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.