நியாய வணிகத்தில் பாதி ஓட்டு யாருக்கு?

சாக்கோட்டைக் கடலை:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "நியாய வணிகத்தில் பாதி ஓட்டு விவசாயிக்கு. விவசாயிகளே பங்குதாரர்களாக இருக்கும் நம் உற்பத்தியாளர் கம்பெனிகளும் அதைப் பார்த்துத் திருந்த வேண்டும்." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. யார் கையில் பாதி? விவசாயிக்கு நியாயமான விலை என்று சான்று கொடுத்து முத்திரை குத்துவதுதான் நியாய வணிகம், அதாவது ஃபேர்ட்ரேட். அதற்கு விதி எழுதும் ஃபேர்ட்ரேட் இன்டர்நேஷனல் இருப்பது ஜெர்மனியின் பான் நகரத்தில். அதன் பொதுச்சபையில் பாதி ஓட்டு உற்பத்தியாளர் கூட்டமைப்புகளுக்கு. ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா, ஆசியா பசிபிக் என்று மூன்றே மூன்று. மீதிப் பாதி, சரக்கு விற்கும் நாடுகளில் அந்த முத்திரையைப் பரப்பும் தேசிய அமைப்புகளுக்கு. விவசாயி எங்கே ஐயா வந்தார்?

தேவகோட்டைத் தம்பி:
எழுதியது நான்தான் அண்ணே, பெயர் சொல்லியே திட்டலாம். அந்த மூன்றும் வானத்திலிருந்தா குதித்தன? சான்று பெற்ற சங்கங்கள் சேர்ந்ததுதானே? சங்கத்தில் இருப்பது விவசாயி. அப்போது பாதி அவருடையதுதான்.

சாக்கோட்டைக் கடலை:
அப்படியென்றால் டெல்லி நாடாளுமன்றமும் என் வீட்டுத் திண்ணைதான். ஆளுக்குப் பாதியா, அமைப்புக்குப் பாதியா? அதை மட்டும் சொல்லுங்கள்.

கொட்டான் ஆச்சி:
பாதியை விடுங்கப்பா. விலைக்கு மேலே ப்ரீமியம் என்று ஒரு பணம் வருகிறதே, அதை எதற்குச் செலவழிப்பது என்று சங்கத்தின் பொதுக்குழுதான் முடிவு செய்ய வேண்டும். அது அவர்கள் விதி. நான் ஓலைக் கொட்டான் முடைகிற குழு ஒன்றில் இருந்தேன். சான்றும் கிடையாது, ஒன்றும் கிடையாது. கையெழுத்து நோட்டு வீடு தேடி வரும். என்ன தீர்மானம் என்று கேட்டால், "எல்லாம் நல்லதுக்குத்தான் ஆச்சி."

தேவகோட்டைத் தம்பி:
இதைத்தான் நானும் சொல்கிறேன்.

சாக்கோட்டைக் கடலை:
நீங்கள் இதைச் சொல்லவில்லை. நீங்கள் சொன்னது பாதி.

புதுவயல் நெல்:
நம் உற்பத்தியாளர் கம்பெனியில் ஆளுக்கு ஒரு ஓட்டு என்பதே எனக்கு ஒப்பவில்லை. நான் லாரியில் ஏற்றுகிறேன், இன்னொருவர் சைக்கிளில் இரண்டு மூட்டை கொண்டுவருகிறார். இரண்டு பேருக்கும் ஒரே மரியாதையா?

சாக்கோட்டைக் கடலை:
ஆமாம், ஒரே மரியாதைதான். 2002-ல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி உற்பத்தியாளர் கம்பெனியைக் கொண்டுவந்தபோதே அப்படித்தான் எழுதினார்கள். தனி ஆட்கள் மட்டும் உறுப்பினர் என்றால், பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஓட்டு ஒன்று. இயக்குநர்கள் 5 பேருக்குக் குறையக் கூடாது, 15-ஐத் தாண்டக் கூடாது. உறுப்பினரில் கால்வாசிப் பேர் வந்தால்தான் பொதுக்குழு செல்லும். கால்வாசி இருக்கிறது, பாதி எங்கேயும் இல்லை, தம்பி கவனிக்கவும்.

தேவகோட்டைத் தம்பி:
நான் பேசியது பான் நகரத்துப் பொதுச்சபை. நீங்கள் வாசிப்பது இந்தியச் சட்டம். வேண்டுமென்றே குழப்புகிறீர்கள்.

புதுவயல் நெல்:
அந்தக் கால்வாசியும் மத்தியானப் பிரியாணிக்கு வந்தது.

கானாடுகாத்தான் வாசகர்:
நகரத்தாரில் கல்யாணமான குடும்பம் ஒன்றுக்கு ஒரு புள்ளி என்று கணக்கு. கோடீஸ்வரரும் ஒரு புள்ளி, கணக்குப் பார்க்கிறவரும் ஒரு புள்ளி. புள்ளி வரியும் சமம். இதெல்லாம் நமக்குப் பழைய கதை.

கொட்டான் ஆச்சி:
அந்தப் புள்ளியில் பொம்பளைக்குத் தனிக் கணக்கு உண்டா? அதையும் சேர்த்து எழுதுங்கள்.

கானாடுகாத்தான் வாசகர்:
பேச்சு எங்கேயோ போகிறது.

சாக்கோட்டைக் கடலை:
போகட்டும். புதுவயலாருக்கு இன்னொன்று. தொடர்ந்து சரக்குத் தருகிற உறுப்பினருக்கு மட்டும்தான் ஓட்டு என்று கம்பெனி தன் விதியில் எழுதிக்கொள்ளலாம், சட்டம் அனுமதிக்கிறது. போன தையில் சங்கத்துக்குப் பேசிய நெல்லை இரவோடு இரவாக மில்லுக்கு ஏற்றியவர் யார் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். அவருக்கு ஒரு ஓட்டே அதிகம்.

புதுவயல் நெல்:
மில்காரர் கையில் காசு கொடுத்தார். சங்கம் சித்திரையில் தருகிறேன் என்றது. அதுவரை என் பிள்ளை காலேஜ் ஃபீஸை நீங்கள் கட்டுவீர்களா?

தேவகோட்டைத் தம்பி:
அண்ணன் யாருக்கும் எதுவும் கட்ட மாட்டார். பங்குத் தொகையையே இரண்டு தவணையாகக் கொடுத்தவர்.

சாக்கோட்டைக் கடலை:
தவணையில் கொடுத்தாலும் முழுசாகக் கொடுத்தேன், பாதி இல்லை. பயிற்சிக்குப் போய் ஒரு பையும் பேனாவும் வாங்கி வந்ததோடு சரி, நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டாம்.

புதுவயல் நெல்:
அது இருக்கட்டும், மூட்டைக்கு ஒரு கிலோ சாக்கு எடை கழித்தார்களே, அது எந்தப் பொதுக்குழுத் தீர்மானம்? தேதியைப் போடுங்கள்.

சாக்கோட்டைக் கடலை:
அதைச் செயலாளரிடம் கேளுங்கள். தம்பி, நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.