பனிச்சரிவு: சரிவதா, சரியும் இடமா?

மொழிபெயர்ப்பாளர், மதுரை: மலைப் பூங்காக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மலைமேல் பனி திரண்டு சரிந்து விழும் அவலாஞ்சைப் 'பனிச்சரிவு' என்றே ஓட்டிவந்தேன், இந்த வரியில் இடறியது: "30 முதல் 45 பாகைப் பனிச்சரிவில்தான் பெரும்பாலான பனிச்சரிவுகள் தொடங்கும்."

மேலூர்: சரிவு தொழிற்பெயர், நிலத்தைக் குறித்தால் தொழிலாகுபெயர். குழப்பமே இல்லை. 'பனி'தான் பிழை. பனித்தல் என்றால் நடுங்குதல். நமக்குப் பனி மார்கழிக் குளிர். 'ஆலி' என்க.

திருமங்கலம்: ஐயா, ஆலி ஆலங்கட்டி அல்லவா? புறநானூறு 6 இமயத்தையே 'பனிபடு நெடுவரை' என்கிறது. 2016-இல் சியாச்சினில் பத்து வீரர்கள் புதைந்தார்கள், நம் மாவட்டத்துக்காரரும் ஒருவர். அன்று ஊரே பேசிய சொல் பனிச்சரிவு. நிலத்துக்குச் 'சாய்வு' போடுங்கள்.

மதுரை: சரி. அடுத்தது ஸ்லாப். காற்று இறுக்கிய மேலடுக்கு. அடியில் சீனி போல ஒட்டாத படிகங்கள். ஒரு ஆள் எடை ஏறினாலே அடியடுக்கு நொறுங்கும், விரிசல் குறுக்கே ஓடும், மேலடுக்கு மொத்தமாகக் கழன்றுவரும். 'பனிப்பலகை' என்றால் சறுக்குப்பலகை என்று படிப்பார்கள்.

உசிலம்பட்டி: பாளம்! வற்றிய கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்குமே. ஓரத்தில் விரல் கொடுத்தால் ஓடு மாதிரிப் பெயரும், அடியில் பொடிமண். ஆகவே பாளச்சரிவு. ஒரு புள்ளியில் கிளம்பி விசிறியாக விரியும் பொலபொலப் பனிக்கு உதிர்சரிவு.

மேலூர்: பாளம், பாளை, பாளையம்... வேர் ஒன்றா என்று பார்க்கவேண்டும்.

திருமங்கலம்: பாளையத்தை வெள்ளிக்குப் பிறகு பிடிக்கலாம்.

சோழவந்தான்: 'பனிப்பேரழிவு' என்றால் ஆபத்து விளங்குமே?

மதுரை: பாதிதான் விளங்கும். அடிக்கடி சரியும் தடத்தில் ஊசியிலை மரம் முறியும். ஆல்டர், வில்லோப் புதர்கள் வளைந்து படுத்து, பனி கரைந்ததும் நிமிரும். அந்தத் திறந்தவெளியில் வசந்தத்தில் கிரிஸ்லி கரடி கிழங்கு தோண்ட வரும். அதைப் போய் அழிவு என்பதா? இன்னும் ஒன்று: தொடக்கப்பகுதி, தடம் சரி, பனி ஓடி ஓயும் இடத்துக்கு?

உசிலம்பட்டி: 'நிலை'. தேர் நிலைக்கு வருவதுபோல.

திருமங்கலம்: தேர் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். பனி மேலேறிப் போகுமா? 'அடங்குமிடம்' போதும்.

மதுரை: சாய்வு, பனிச்சரிவு, பாளச்சரிவு, உதிர்சரிவு, அடங்குமிடம். அனுப்பிவிட்டேன்.

மேலூர்: ஆலிச்சரிவு. என் மறுப்பு பதிவாகட்டும்.