375-க்கு எத்தனை கிலோ துப்பாக்கி சரி? உதை பற்றி ஒரு கேள்வி

பர்கூர் கிரானைட்:

வணக்கம்ங்க. ஊர் பர்கூர், தொழில் கருங்கல். ஜிம்பாப்வேயில் முடோகோ பக்கம் ஒரு குவாரியில் மேற்பார்வை வேலை. இப்போது லீவில் வீட்டில் இருக்கிறேன். திரும்பிப் போனதும் அங்கே கூட வேலை செய்யும் ஒருவர் ஜாம்பேசி பள்ளத்தாக்கில் காட்டெருமை வேட்டைக்கு என்னையும் சேர்த்திருக்கிறார். அந்த நாட்டு அனுமதி, லைசன்ஸ் உள்ள வேட்டை வழிகாட்டி, எல்லாம் முறைப்படி. துப்பாக்கி முகாமிலேயே வாடகைக்குக் கிடைக்கும். மூன்று இருக்கிறது, ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்லுங்கள் என்கிறார்கள் (375, 416 என்பவை தோட்டாவின் அளவு):

அ) 375 எச் அண்ட் எச், பிளாஸ்டிக் கட்டை (தோளில் வைக்கும் பகுதி), வெறும் எடை 3.4 கிலோ, மேலே ஸ்கோப்.
ஆ) அதே 375, வால்நட் கட்டை, 4.1 கிலோ, ஸ்கோப்.
இ) 416 ரிக்பி, 4.7 கிலோ, ஸ்கோப் கிடையாது, இரும்பு சைட்தான்.

நான் ஐந்தடி நாலங்குலம், 58 கிலோ. ரைஃபிள் கிளப்பில் 12 போர் துப்பாக்கியில் ட்ராப் (பறக்கும் களிமண் தட்டு) சுட்டிருக்கிறேன், .22 சுட்டிருக்கிறேன், அவ்வளவுதான். நாள் முழுக்க நடக்க வேண்டும் என்பதால் லேசானதை எடு என்கிறார் நண்பர். யூடியூபில் பார்த்தால் லேசான 375 ஆளையே தூக்கிப் போடுகிறது. கனம் கூடினால் உதை, அதாவது சுடும்போது துப்பாக்கி பின்னால் தள்ளுவது, எவ்வளவு குறையும்? எங்கே நிறுத்துவது?

பென்னாகரம் ஹவில்தார்:

தம்பி, கனமானதையே எடு. 416-ஐத் தூக்கு. நாங்கள் ராணுவத்து எஸ்.எல்.ஆர். ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு மலை ஏறியவர்கள், அது வெறுமையாகவே நாலு கிலோவுக்கு மேல். மேகசின் நிரப்பினால் ஐந்து. பழகினால் கை கேட்கும். பட் என்ற கட்டையின் பின்முனையைத் தோளின் குழியில் இறுக்கி வை, கன்னத்தைக் கட்டையில் ஒட்டு, மூச்சைப் பாதி விட்டுப் பிடி. உதை என்பதெல்லாம் பாதி பயம்தான்.

ராயக்கோட்டை ரவி:

ஒரு நிமிடம். வேட்டையே தடை இல்லையா? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே?

பர்கூர் கிரானைட்:

இங்கே தடைதாங்க, அதில் சந்தேகமே இல்லை. இது ஜிம்பாப்வே. அங்கே அரசே அனுமதி கொடுத்து, எருமைக்குக் குறைந்தபட்சத் துப்பாக்கி எது என்றும் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறது. குழல் துளை 9.2 மில்லிமீட்டர், குண்டின் சக்தி 5.3 கிலோஜூல். அதனால்தான் 375-க்குக் கீழே அவர்கள் பேசுவதே இல்லை.

கட்டைக்காரர், ஓசூர்:

தம்பி, நான் துப்பாக்கிக்குக் கட்டை போடுகிறவன். லைசன்ஸ் உள்ள பழுதுபார்க்கும் பட்டறை, அப்பா காலத்திலிருந்து. இப்போது வருவதெல்லாம் 12 போரும் ஆர்டினன்ஸ் ஃபேக்டரி .315-ம்தான். பழைய எஸ்டேட் குடும்பத்து 375 எப்போதாவது வரும். ரிப்பேர் முடிந்தால் சுட்டுப் பார்த்துத்தான் கொடுப்போம், அதனால் இதன் உதை என் தோளுக்குத் தெரியும்.

முதலில் கணக்கு. 375-இன் குண்டு 19.4 கிராம், நொடிக்கு ஏறக்குறைய 770 மீட்டரில் கிளம்புகிறது. கிலோவையும் மீட்டரையும் பெருக்கினால் 15. வெடிமருந்து ஏறக்குறைய 4.7 கிராம். அது வாயுவாகி, குண்டைவிட வேகமாக வாயிலிருந்து சீறுகிறது, அதன் பங்கு 6. ஆக 21. இந்த 21-ஐத் துப்பாக்கியின் எடையால் வகுத்தால் அது எந்த வேகத்தில் உங்கள் தோளுக்கு வரும் என்பது கிடைக்கும். 3.5 கிலோ என்றால் நொடிக்கு 6 மீட்டர், சக்தி 63 ஜூல். 4 கிலோவில் 55. நாலரையில் 49. ஐந்தில் 44. ஐந்தரையில் 40. பார்த்தீர்களா, முதல் அரை கிலோவுக்கு 8 ஜூல் குறைகிறது, கடைசி அரை கிலோவுக்கு 4-தான். தூக்கும் கைக்கு மட்டும் ஒவ்வொரு அரை கிலோவும் அதே அரை கிலோ. என் கணக்கில் 375-க்கு ஐந்து கிலோவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஆனால் வகுக்க வேண்டியது கேட்டலாக் எடையால் அல்ல, சுடும் நேரத்து எடையால். ஸ்கோப்பும் அதன் மவுண்டும் ஏறக்குறைய 450 கிராம். 375 தோட்டா ஒன்று 45 கிராமை ஒட்டி வரும், நாலு போட்டால் 180. அப்படிப் பார்த்தால் உங்கள் ‘அ’ நாலு கிலோ, ‘ஆ’ 4.7, ‘இ’ 4.9. இப்போது வேகத்தைப் பாருங்கள். ‘அ’ 5.2 மீட்டர், 55 ஜூல். ‘ஆ’ 4.4 மீட்டர், 47 ஜூல். 416 குண்டு 26 கிராம், மருந்தும் அதிகம், வகுக்க வேண்டியது 21 அல்ல, இருபத்தாறரை. அதனால் அத்தனை கனம் இருந்தும் ‘இ’ 5.4 மீட்டர், 72 ஜூல்.

நீங்கள் கிளப்பில் சுடும் 28 கிராம் ட்ராப் தோட்டா, மூன்றரைக் கிலோவை ஒட்டிய துப்பாக்கியில், நாலு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, 26 ஜூல் வரும். ‘ஆ’வின் வேகம் அதிலிருந்து அதிகம் தள்ளி இல்லை. தோளுக்கு எரிச்சல் தருவது வேகம், ஆளை அசைப்பது சக்தி. 4.4 மீட்டரில் வருவது நீளமான தள்ளு. ஐந்தைத் தாண்டினால் அறை.

ஹவில்தார் சார் நிற்கும் முறை பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் எஸ்.எல்.ஆர். உதை கணக்குக்கு 16 ஜூல்தான் சார், அதிலும் உள்ளே ஸ்பிரிங் ஓடி அதை நீட்டி விடுகிறது. 72 ஜூலைப் பயம் என்று சொல்லித் தம்பியை அனுப்பக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்க ஆரம்பித்துவிட்டால் அதைத் திருத்துவது பெரும்பாடு. கிளப்பில் எத்தனை பேரைப் பார்த்திருப்பீர்கள், தோட்டா இல்லாத துப்பாக்கியிலும் குழல் வாய் குனியும்.

நான் சொல்வது ‘ஆ’.

அஞ்செட்டி ஆட்டுக்காரன்:

எங்கள் பக்கம் ஜவளகிரி, பென்னாகரம் காடுகளில் ஆட்கொல்லிகளைச் சுட்ட கென்னத் ஆண்டர்சன் கையில் இருந்தது 405 வின்செஸ்டர். தாத்தா சொல்வார், ஒல்லியான துப்பாக்கி, கீழே லீவர் என்று. அவர் ஒன்றும் ஐந்து கிலோ தூக்கவில்லையே? இன்றைக்கு அந்தக் காடுகளில் பெரும்பங்கு சரணாலயம், அது வேறு கதை. பெல் என்ற வெள்ளைக்காரர் யானைகளையே சின்ன 7 மில்லிமீட்டரில் சுட்டார் என்று படித்திருக்கிறேன். எடை எல்லாம் இந்தக் காலத்துக் கவலையோ என்னவோ.

கட்டைக்காரர், ஓசூர்:

நல்ல கேள்வி. 405 என்பது 1904-இல் வந்த தோட்டா. அதே 19.4 கிராம் குண்டுதான், ஆனால் வேகம் நொடிக்கு 670 மீட்டர், மருந்தும் குறைவு. அந்த மாடல் 1895 துப்பாக்கி 3.7 கிலோவை ஒட்டி இருக்கும். கணக்குப் போட்டால் 41 ஜூல், நம் ‘ஆ’வைவிடக் குறைவு. ஆனால் 405-ஐச் சுட்டவர்கள் எல்லாரும் அதன் உதையைத் திட்டுவார்கள். ஏன் தெரியுமா? கட்டை. பின்பக்கம் ரொம்பச் சரிந்து இறங்கும், முடிவில் குறுகலான இரும்புத் தகடு. சரிவு அதிகமானால் குழல் மேலே எகிறும், கட்டை கன்னத்தில் இடிக்கும். தகடு குறுகினால் அத்தனை சக்தியும் மூன்று விரல் அகலத்தில் இறங்கும். கிலோ மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

பெல் விஷயம் உண்மை. அவர் எடுத்தது சின்ன உதை, அதனால் குறி தப்பவில்லை. கனத்தை ஏற்றி உதையைக் குறைப்பதைவிடத் தோட்டாவை ஒரு படி இறக்குவது எப்போதும் லாபம். தம்பிக்குச் சட்டப்படி 375-க்குக் கீழே இறங்க வழியில்லை, அதனால் அங்கேயே நிற்கட்டும்.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். பழைய இரட்டைக்குழல் 577 ஆறு கிலோ, 600 ஏழு கிலோ. அவற்றின் உதைக்கு அந்தக் கனம் இல்லாமல் முடியாது. ஆனால் அவற்றைத் தூக்கித் திரிந்தது துப்பாக்கிக்குச் சொந்தக்காரர் இல்லை, கூலிக்கு வந்த ஆள். எருமைத் தடத்தில் வெயிலில் போய்க்கொண்டே இருந்தால் கனமான துப்பாக்கி மெதுவாக வழிகாட்டியின் உதவியாளர் தோளுக்கு மாறிவிடும். எருமை புதருக்குள்ளிருந்து எழும் நேரத்தில் அது உங்கள் கையில் இருக்காது. ‘இ’ வேண்டாம் என்பதற்கு எனக்கு உதையைவிட இதுதான் பெரிய காரணம்.

பர்கூர் கிரானைட்:

ரொம்ப நன்றிங்க. ‘ஆ’ என்றே சொல்லிவிடுகிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். ‘அ’வில் குழல் வாயில் ஓட்டை போட்ட பிரேக் ஒன்று மாட்டித் தருகிறேன், உதை மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்கிறார்கள். கட்டைக்குள் பாதரசக் குழாய் வைத்தால் உதை குறையும் என்றும் ஒருவர் சொன்னார். இதெல்லாம் உண்மையா? அப்புறம், முகாமில் முதல் நாள் துப்பாக்கியைக் கையில் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கட்டைக்காரர், ஓசூர்:

பிரேக் வேலை செய்யும், பொய் இல்லை. ஆனால் உதையைக் குறைத்து, அந்த வாயுவைப் பக்கவாட்டில் திருப்பி, பக்கத்தில் நிற்கும் வழிகாட்டியின் காதில் அடிக்கும். வேட்டையில் யாரும் காது மூடி போட்டுக்கொண்டு நிற்பதில்லை. நிறைய வழிகாட்டிகள் பிரேக் பார்த்தாலே முகம் சுளிப்பதற்கு அதுதான் காரணம்.

பாதரசக் குழாயில் பெரும்பங்கு வேலை செய்வது பாதரசத்தின் மாயம் அல்ல, அதன் கனம். கட்டையின் பின்புறம் துளை போட்டு ஈய ரவையை எபாக்சியில் குழைத்து நிரப்பினால் கிட்டத்தட்ட அதே பலன், செலவு சொற்பம். ஆனால் பின்னால் மட்டும் ஏற்றினால் துப்பாக்கி பின்பாரமாகி, முன்பக்கம் லேசாகி வாய் தாவும். பாரம் இரண்டு கைக்கும் நடுவில், மேகசினுக்குச் சற்று முன்னால் நிற்க வேண்டும். கொஞ்சம் முன்பாரம் இருந்தாலும் பரவாயில்லை, வாய் அடங்கும். நம்மூரில் சிலர் ஈட்டி மரத்தில் கட்டை போடச் சொல்வார்கள். வால்நட்டைவிடக் கனம், அழகுதான், உதையும் குறையும். சீவுகிறவன் உளிதான் பாவம்.

வாங்கும்போது பாருங்கள். போல்ட்டுக்கு (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்பு) பின்னால் இரும்பு முடிந்து மரம் ஆரம்பிக்கும் இடத்தில், முடி அளவுக்கு ஒரு கருப்புக் கீறல் பின்னோக்கி ஓடுகிறதா? ஓடினால் அந்தக் கட்டை உள்ளே உதை வாங்கி வாங்கி இடம் கொடுத்துவிட்டது. எண்ணெய் ஊறி மறைந்திருக்கும், நகத்தால் வருடினால் தட்டும். அப்படி இருந்தால் வேறு துப்பாக்கி கேளுங்கள். கட்டையின் குறுக்கே ஆணி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். 375-க்கு அது இருந்தால் நல்லது.

அப்புறம் நீளம். விசையிலிருந்து பட் பிளேட் வரை கேட்டலாக் துப்பாக்கி பதிமூன்றே முக்கால் அங்குலம் வரும், வெள்ளைக்கார உடம்புக்கு. உங்கள் உயரத்துக்கு பதிமூன்று, பதிமூன்றேகால் போதும். நீளம் அதிகமானால் பட் தோள் குழியை விட்டு நழுவிக் கை எலும்பில் உட்காரும். 47 ஜூல் அங்கே இறங்கினால் 72 மாதிரி இருக்கும்.

ஸ்கோப் கண்ணிலிருந்து நாலு விரல் தள்ளி இருக்கட்டும். இல்லையென்றால் உதையில் அது இடித்துப் புருவத்தில் பிறை விழும்.

பென்னாகரம் ஹவில்தார்:

கட்டைக்காரர் சொன்னால் சரிதான். 416 விஷயம் வாபஸ். ஆனால் தம்பி, மேசையில் உட்கார்ந்து சுட்டுப் பழகாதே. உட்கார்ந்தால் உடம்பு பின்னால் போக இடமில்லை, உதை முழுக்கத் தோளிலேயே நிற்கும். நின்றே சுடு.

கட்டைக்காரர், ஓசூர்:

ஆமாம் சார். அங்கே மூன்று கம்புகளைக் கட்டி நிறுத்தி, அதன்மேல் வைத்து நின்றுதான் சுடுவார்கள். இங்கே மூங்கிலில் கட்டிக்கொண்டு .22-ஐ வைத்துப் பழகுங்கள், தோட்டா மலிவு. முகாமில் 375-இல் ஒரே நாளில் நிறைய சுட வேண்டாம், சைட் சரியா என்று பார்க்க நாலைந்து போதும்.

பர்கூர் கிரானைட்:

முகாமுக்கு மெசேஜ் போட்டேன். ‘ஆ’வின் நீளம் பதிமூன்றே முக்கால்தானாம். ரப்பர் பேட் பழசு, கெட்டியாகிவிட்டது என்கிறார்கள். மாற்றச் சொல்லலாமா?

கட்டைக்காரர், ஓசூர்:

கட்டாயம் மாற்றச் சொல்லுங்கள். கெட்டியான ரப்பர் இரும்புத் தகடு மாதிரிதான். பழைய பேட் முக்கால் அங்குலம் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு அரை அங்குல மெத்தையான பேட் போட்டால் கட்டையை அறுக்காமலேயே கால் அங்குலம் குறையும். மீதியும் வேண்டுமென்றால் மரத்தில் கால் அங்குலம் அறுக்க வேண்டும். வாடகைத் துப்பாக்கியில் அதற்குச் சம்மதிக்க மாட்டார்கள். பதிமூன்றரையோடு சமாளியுங்கள், தடித்த ஜாக்கெட் மட்டும் போடாதீர்கள்.