புதுப்பிப்பு: மைக்ரோஸ்ட்ரிப் இம்பிடன்ஸ் குறைவாக வந்த சிக்கல் தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மைக்ரோஸ்ட்ரிப் என்பது, அடியில் உலோகத் தளம் உள்ள மின்காப்புப் பலகையின் மேல் ஓடும் உலோகப் பட்டை. 1.6 மிமீ எஃப்ஆர்4 (கண்ணாடியிழைப்) பலகை, ஒப்புமை விடுதிறன் (காற்றைவிட எத்தனை மடங்கு மின்புலத்தை ஏற்கும் என்ற எண்) 4.4, பட்டை அகலம் 3.06 மிமீ, இம்பிடன்ஸ் (பட்டையில் ஓடும் அலையின் மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதம்) சூத்திரப்படி 50 ஓம் வரவேண்டியது, புலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடும் என் ஃபைனைட் டிஃபரன்ஸ் நிரலில் ரொம்பக் கீழே வருகிறது என்று கேட்டிருந்தேன்.

கணக்கிடும் பரப்புக்கு எல்லையாக நிரலில் வைத்த பெட்டிச் சுவரைத் தள்ளி வைக்கச் சொன்ன யோசனைதான் வேலை செய்தது. பூஜ்ய வோல்ட் சுவர் பக்கத்திலேயே நின்றால் புலக்கோடுகள் அதில் போய் முடியும், மின்தேக்குத்திறன் ஏறும், இம்பிடன்ஸ் இறங்கும். பலகைத் தடிமனைப்போல் பத்து மடங்கு தள்ளியதும் 50-ஐ ஒட்டி வந்துவிட்டது. காற்றும் பலகையும் சந்திக்கும் புள்ளிகளில் இரண்டின் விடுதிறனுக்கும் (1, 4.4) சராசரியான 2.7 ஏற்கெனவே இருந்தது, அது காரணமில்லை.

எதிர்பாராதது: காஸ் விதிப்படி பட்டையின் மின்னூட்டத்தைக் கணக்கிட அதைச் சுற்றி வரையும் மூடிய பாதையை மாற்றினால் மின்னூட்டமும் மாறியது. விடை இன்னும் குவியவில்லை (நிலையான மதிப்புக்கு வரவில்லை) என்பதற்கு அதுவே அடையாளம், நிரல் திரும்பத் திரும்பக் கணக்கிடும் சுற்றுகளைக் கூட்டியதும் எந்தப் பாதையிலும் ஒரே மதிப்பு. அப்புறம், பலகையை நீக்கிக் காற்றோடு ஒருமுறை ஓட்டுங்கள், இம்பிடன்ஸைக் கணக்கிடப் பலகையோடும் காற்றோடும் வரும் இரண்டு மின்தேக்குத்திறனும் தேவை.